தூண் எத்தனை டன் தாங்கும்

கியூப் அக்காவுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. எழுதுகிறவர்கள் என்னவெல்லாம் செய்வார்களோ அதெல்லாம் அவளும் செய்துதான் பார்த்தாள். இடது கையால் எழுதினாள். பெயர் போடவில்லை. பேருந்து ஏறி நான்கு நிறுத்தம் தள்ளிப் போய்த் தபாலில் சேர்த்தாள். எல்லாம் சரி. ஆனால் கடிதத்தின் தலையில் தேதியைப் போட்டு, பக்கத்திலேயே ‘அறை வெப்பம் 29’ என்றும் எழுதித் தொலைத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம், வேறென்ன? அரசாங்கக் கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தேதி, அடுத்து அறையின் வெப்பம், அப்புறம்தான் மற்றதெல்லாம். சமையலறையில் உட்கார்ந்து ஊழலைப் பற்றிப் புகார் எழுதும்போதும் கை அதன் பாட்டுக்கு எழுதிவிட்டது. வெப்பமானி பார்க்காமலே சொல்லக்கூடியவள் அவள். சரியாகத்தான் எழுதியிருப்பாள் என்று வையுங்கள்.

அவளுடைய வேலை கல்லை உடைப்பது. ஊரில் எந்த அரசாங்கக் கட்டடம் எழும்பினாலும், அங்கே கலக்கிய கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் ஊற்றி, அரை அடி உயரச் சதுரக் கட்டியாக இந்தக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் கியூப். இருபத்தெட்டு நாள் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எடை பார்த்து, இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்குவாள். முள் ஏறும். ஓரிடத்தில் டப்பென்று ஒரு சத்தம். எத்தனை டன்னில் உடைந்தது என்று பதிவேட்டில் எழுதுவாள். நாளுக்கு இருபது, முப்பது. பெற்றவர்கள் வைத்த பெயரை அலுவலகத்தில் எல்லாரும் மறந்து போய், பெரிய பொறியாளர் முதற்கொண்டு அவளைக் கியூப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பெரிய பொறியாளரின் மேற்பார்வையில் அரசு மருத்துவமனைக்குப் புதிதாக மூன்று மாடிக் கட்டடம் வந்தது. அதன் தூண்களுக்கான கியூப்கள் பத்து மாதம் தவணை தவணையாக வந்தன. எல்லாமே நாற்பத்தாறு டன்னில் உடைந்தன. அரை டன் கூடும், அரை டன் குறையும். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. அக்காவுக்கு உறுத்தியது. வேலை நடக்கும் இடத்தில் ஒருநாள் மழை பெய்யும், ஒருநாள் மணல் ஈரமாக வரும், ஒருநாள் கொத்தனாருக்குக் காய்ச்சல். கியூபில் அது அத்தனையும் தெரியும். பத்து மாதக் கியூப்கள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தால், அவை ஒரே நாளில் வேறெங்கோ நல்ல சிமெண்டு போட்டுச் செய்தவை என்று அர்த்தம். ஒருநாள் மருத்துவமனைக்கே நடந்து போய், தூணின் பூசாத மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மாவாக உதிர்ந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தவள், மறுநாள் அந்தக் கடுதாசியை எழுதினாள்.

கடுதாசி கண்காணிப்புத் துறைக்குப் போயிற்று. துப்புக் கொடுப்பவர்களைக் காக்கும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புகார் சொன்னவர் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கண்காணிப்புத் துறை என்ன செய்தது? தூண்களைத் துளைத்து மூன்று உருளைகள் எடுத்துச் சோதிக்க உத்தரவு போட்டது. அதுவரை சரி. கூடவே, கடுதாசியை அப்படியே, உறையோடு, ‘தங்கள் கருத்துரைக்காக’ என்று குறிப்பெழுதி, யார்மேல் புகாரோ அந்தப் பெரிய பொறியாளருக்கே அனுப்பிவைத்தது. அலுவலக நடைமுறையாம். எந்தத் தாள் வந்தாலும் சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். என்ன சொல்வது, சொல்லுங்கள்!

பொறியாளர் முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார். மூன்று உருளைகளும் சோதனைக்கூடத்துக்கு வந்த அன்றைக்கே, “நான் சொல்ற வரைக்கும் அதைத் தொடக்கூடாது” என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். நான்கு மாதமாக அவை தொட்டித் தண்ணீரிலேயே கிடந்தன.

இப்போது புதிதாக ஒரு தொல்லை அவருக்கு. துப்புக் கொடுப்பவர்களைக் காக்கும் அந்தச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று மேலிடத்துக்கே தோன்றி, திருத்துவதற்கு ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு ஊர் ஊராக வந்து அரசு ஊழியர்களிடம் கருத்துக் கேட்கிறது. இந்த ஊருக்கு வியாழக்கிழமை. அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று.

திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே வந்தார். அவர் அந்தப் பொறியாளரின் ஜீப்புக்கு ஓட்டுநர். பதினான்கு வருடமாக ஒப்பந்த ஊழியர், வருடாவருடம் புதுப்பிப்பார்கள். வாசலிலேயே நின்றார்.

“ஏங்க, உள்ள வராம அங்க நின்னு என்ன பண்றீங்க? தரையெல்லாம் குளமாகுது பாருங்க” என்றாள் அக்கா. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அவருடைய தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ். இவர்களோடுதான் இருக்கிறாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து நெகிழி உறையில் மடித்திருந்த ஒரு தாளை எடுத்தார். “சார் குடுத்தாரு. வியாழக்கிழமைக்கு முன்னாடி நீ கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்.”

“கை ஈரமா இருக்கு. நீங்களே படிங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். “‘மேற்படி கடிதம் என்னால் எழுதப்பட்டதன்று. அதில் கண்டுள்ள விவரங்கள் குறித்து எனக்கு யாதொன்றும் தெரியாது.’ அவ்வளவுதான்.”

“அப்ப அந்த இருபத்தொன்பது டிகிரி யாரோடதாம்?” என்று நாத்தனார் சிரித்தாள். “உலகத்துலயே வெப்பம் போட்டு மொட்டைக் கடுதாசி எழுதின ஒரே ஆள் எங்க அண்ணிதான்.”

“நீ கொஞ்சம் சும்மா இரு. உனக்கு எல்லாம் சிரிப்பு.” அவர் தலையைத் துவட்டாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். “இதுல கையெழுத்துப் போட்டா, புகாருக்கு ஆள் இல்லன்னு விசாரணைய மூடிருவாங்களாம். எல்லாம் பழையபடி. போடலன்னா…”

“போடலன்னா?”

“என் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. உனக்கு எங்கயோ ஒரு மூலைக்கு மாத்தல். இந்த வீடு உன் பேர்ல இருக்கிற குவார்ட்டர்ஸ். காலி பண்ணணும். அவரு மிரட்டலடி. நல்லா, சிரிச்ச முகமா, தம்பி தம்பின்னுதான் சொன்னாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அக்கா பருப்பைக் கடைந்தாள். தேவைக்கு மேலேயே கடைந்தாள்.

“விசாரணைய மூடினா அந்த மூணு உருளை?”

“தூக்கிப் போட்டுருவாங்க.”

“கட்டடம்?”

“அடுத்த மாசம் திறப்பு விழா. பந்தல்காரங்ககிட்ட பேசியாச்சு, நான்தானே வண்டி ஓட்டிட்டுப் போனேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “இந்தா பாரு, நாம என்ன கட்டடத்தைக் கட்டினோமா? சிமெண்டைத் தின்னவன் ஜம்முனு இருக்கான். நமக்கு எதுக்குடி இந்த வம்பு? பதினாலு வருஷமா கண்ணாடியில அந்த ஆள் மூஞ்சியப் பார்த்துப் பார்த்து ஓட்டிட்டு இருக்கேன். இந்த வயசுல வேற யாரு வேலை குடுப்பா எனக்கு?”

அக்கா கடைந்த பருப்பை மூடி வைத்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீடு போனால் மூன்று பேரும் எங்கே போய் நிற்பது என்று அவளும் நான்கு மாதமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். “அண்ணா, நேத்து எங்களுக்குப் பட்டியல் வந்துச்சு. அந்தப் புதுக் கட்டடத்துல ரெண்டாவது மாடி எனக்கு. இருபத்திநாலு கட்டில். பிரசவ வார்டு.”

அவர் தாளை மடித்துத் திரும்ப நெகிழி உறைக்குள் வைத்தார்.

“விழுந்துருமா?” என்று அவர் மனைவியைக் கேட்டார்.

“தெரியாதுங்க. நாளைக்கே விழலாம், நாப்பது வருஷம் நிக்கலாம். தெரியாதுங்கறதுதான் எனக்குப் பயமே. சோதிச்சாத் தெரியும். சோதிக்கறதுதானே என் வேலை? அதைச் செய்யாதன்னு சொல்லித்தானே சம்பளம் குடுத்துட்டு இருக்காங்க இப்ப?” சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. “நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி. தூணு எத்தனை டன் தாங்கும்னு தெரியாம உங்க தங்கச்சிய அங்க அனுப்பிட்டு, ராத்திரி எனக்குச் சோறு இறங்காது.”

“கோவிச்சுக்கறதா! நான் கோவிச்சுக்கிட்டு நீ எந்தக் காலத்துல கேட்ட?” என்று அவர் எழுந்து உள்ளே போனார். சாப்பிட வரவில்லை. நாத்தனார்தான் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

புதன்கிழமை அக்கா தன் கருத்தை இரண்டு பக்கம் எழுதினாள். இந்த முறை வலது கையால். மேலே தேதி, அறை வெப்பம் எல்லாம் வேண்டுமென்றே போட்டாள். ஆனால் அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருந்தது: ஊழியர்கள் தங்கள் கருத்துகளை உரிய வழியில், மேலதிகாரியின் பரிந்துரைக் கையொப்பத்துடன், மூன்று பிரதிகளாக அனுப்ப வேண்டும். அவளுக்கு மேலதிகாரி யார்? அவரேதான். அக்கா மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

பொறியாளர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா இது? எம்மேல இருக்கற புகாரை நானே பரிந்துரை பண்ணி அனுப்பணுமா?”

“அறிவிப்பு அப்படித்தான் சார் சொல்லுது. நான் எழுதல அதை.”

“விளையாடறியா?”

“இல்ல சார். பரிந்துரைக்க முடியாதுன்னா அதை இதுலயே எழுதிக் குடுத்துருங்க. அதையும் சேர்த்துக் குடுத்துடறேன்.”

பொறியாளர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கையெழுத்துப் போட்டால் தன் கழுத்துக்குத் தானே சுருக்கு. போடமாட்டேன் என்று எழுதினால் அதைவிட மோசம். கடைசியில் தாளைத் தள்ளிவிட்டார். “உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு தாள் குடுத்திருந்தேனே?”

“குடுத்தாரு சார். அது உரிய வழியில வரல.”

அக்கா வெளியே வந்தாள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தொட்டிக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். ஓய்வுக்கு மூன்று மாதம் பாக்கி. “உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. என்னைச் சிரிக்க வெச்சுக் கொல்லப் போற” என்றார். பிறகு, கேட்காமலே, தொட்டிக்குள் கையை விட்டு அந்த மூன்று உருளைகளும் பத்திரமாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார்.

வியாழக்கிழமை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. குழு மாடி அறையில் உட்கார்ந்தது. மூன்று பேர், நடுவில் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. பொறியாளர் ஏற்பாட்டாளர் என்ற பெயரில் கதவோரம் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊழியர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். நீதிபதி கொட்டாவியை மென்று விழுங்கினார்.

மூன்று மணிக்கு அக்காவின் முறை.

“கையொப்பம் இல்லையேம்மா இதுல?” என்றார் நீதிபதி.

“போட மாட்டேன்னுட்டாங்கம்மா. அதுவும் என் கருத்துல ஒண்ணு.”

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கதவைச் சாத்தச் சொல்லட்டுமா? நீங்க சொல்றது இந்த அறையை விட்டு வெளிய போகாது.”

“வேண்டாம்மா, தெறந்தே இருக்கட்டும். ரகசியமா எழுதித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்.” தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். “பேரை மறைக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கு. மறைக்கலன்னா மறைக்காதவனுக்கு என்ன தண்டனைன்னு போடல. யாரு மேல புகாரோ அவருகிட்டயே புகாரை அனுப்பி என்னய்யா சொல்றேன்னு கேட்கறாங்க. திருடன் கையிலயே பூட்டைக் குடுத்துச் சரியா இருக்கா பாருங்கற மாதிரி. மாத்தல் போட்டா அது தண்டனை இல்லையாம், நிர்வாகக் காரணமாம். என்னைக் காப்பாத்தறதுக்குச் சட்டமா, என்னைக் கண்டுபிடிக்கறதுக்குச் சட்டமா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

வராந்தாவில் தேநீர்க் கோப்பையோடு நின்றவர்கள் கதவுப் பக்கம் நெருங்கினார்கள். அவள் கியூப் கதையையும், தூண் உதிர்ந்ததையும், உருளைகள் நான்கு மாதமாக ஊறுவதையும் ஒன்று விடாமல் சொன்னாள். நீதிபதி தானே குறித்துக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடினார்.

“நீங்க சொன்னது அத்தனையும் அறிக்கையில வரும். சட்டம் திருந்த ரெண்டு வருஷம் ஆகலாம்.”

“அதுவரைக்கும் எனக்கு என்னம்மா?”

நீதிபதி அவளை நேராகப் பார்த்தார். நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை. “அதுவரைக்கும் உங்களைக் காப்பாத்த எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப அதையும் எழுதிக்கோங்க” என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் பொறியாளர் ஓர் உறையை நீட்டினார். தயாராகவே வைத்திருந்திருக்கிறார். ஊருக்கு ஒதுக்குப்புறமான கிடங்கு ஒன்றுக்கு மாற்றல். நாளைக் காலையில் போய்ச் சேர வேண்டும்.

அக்கா நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள். “அப்ப இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நான் சோதனைக்கூடத்து ஆள்தானே சார்?”

“அதுக்கென்ன இப்ப?”

அவள் அறைக்குள் திரும்பினாள். “அம்மா, கீழ வரைக்கும் வர முடியுமா? கொஞ்ச நேரம்தான்.”

நீதிபதி படியிறங்கினார். அவர் இறங்கினால் குழு இறங்காமல் இருக்குமா? பின்னாலேயே தேநீர்க் கோப்பைகளும் இறங்கின. தொட்டிக்காரர் ஏற்கெனவே முதல் உருளையைத் தூக்கித் துடைத்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்!” என்று பொறியாளர் கத்தினார்.

“வாயால சொன்னீங்க சார். வந்த மாதிரியைச் சோதிக்காம நிறுத்தணும்னா எழுத்துல உத்தரவு வேணும். விதி நம்ம துறையோடதுதான். இதோ தாள், எழுதிக் குடுங்க, நிறுத்திடறேன்.”

நீதிபதி பொறியாளரைப் பார்த்தார். எல்லாரும் பொறியாளரைப் பார்த்தார்கள். தாள் மேசை மேலேயே கிடந்தது.

அக்கா உருளையைத் தட்டின் நடுவில் நிறுத்தினாள். கூட்டத்துக்குச் சொன்னாள்: “இது கியூபைவிடச் சின்னது, பதினாறு டன் தாங்கணும். பன்னெண்டுக்குக் கீழ வந்தா தூணு தேறாது.” விசையைத் திருப்பினாள். மோட்டார் முனகியது. முள் இரண்டைத் தாண்டியது, மூன்று, நான்கு. அவள் மனதுக்குள், ஏறு, ஏறு என்று வேண்டிக்கொண்டாள். ஆமாம், தான் சொன்னது பொய்யாகிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. ஐந்து. ஆறு. ஏழுக்குப் பக்கத்தில் முள் தயங்கியது. டப்பென்ற சத்தம்கூட வரவில்லை. நனைந்த ரொட்டி பிளப்பதுபோல உருளை அமைதியாகப் பிளந்து தட்டில் சரிந்தது.

“ஆறே முக்கால்” என்றாள் அக்கா. பதிவேட்டை விரித்துத் தேதி, அறை வெப்பம், எண், எடை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தூணில் எடுத்த மாதிரிக்கு மட்டும் இன்னொரு கட்டம் உண்டு: சோதனையின்போது உடனிருந்த இருவர். இரண்டு கையெழுத்து இல்லாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.

தொட்டிக்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். “என் பென்ஷன் பாவம் உன்னைச் சும்மா விடாது” என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

இன்னொரு இடம் காலி. அக்கா நீதிபதி பக்கம் பதிவேட்டைத் திருப்பினாள்.

“நான் சட்டத்தைப் பத்திக் கருத்துக் கேட்க வந்தவம்மா. இதுல நான் போடக்கூடாது” என்றார் அவர். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

தேநீர்க் கோப்பைகள் ஒவ்வொன்றாகச் சன்னல் பக்கம் திரும்பின. ஒருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஒருவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு. பொறியாளர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் திரும்பி வந்தது. “சரி, முடிஞ்சுதுன்னா எல்லாரும் கிளம்பலாமே” என்றார். வாசல் பக்கம் பார்த்து, “தம்பி, வண்டியை எடு. நீதிபதி அம்மாவுக்கு நேரமாச்சு” என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் வாசலில்தான் நின்றிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. வண்டியை எடுக்கப் போகவில்லை. உள்ளே வந்தார். பிளந்து கிடந்த உருளையைக் குனிந்து பார்த்தார். ஒரு சில்லைக் கையில் எடுத்து விரலால் நசுக்கினார். பொடிந்து போயிற்று.

“இதுக்கு மேலதான் எந்தங்கச்சி நிக்கணுமா சார்?” என்று கேட்டார்.

“நீ ஒப்பந்த ஆளு. உனக்கு இதுல கையெழுத்துப் போட உரிமை இல்ல.”

“உடனிருந்த இருவர்னுதானே போட்டிருக்கு? நான் முழுசாப் பார்த்தேன். நாலு, அஞ்சு, ஆறு, எல்லாம் பார்த்தேன்.” மனைவியின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். மெதுவாக, எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் தெளிவாக எழுதினார். பிறகு ஜீப் சாவியை எடுத்துப் பொறியாளர் முன்னால் மேசையில் வைத்தார். “பிரேக் கொஞ்சம் இழுக்குது சார். வேற ஆள் ஓட்டினாச் சொல்லிவிடுங்க.”

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று தட்டில் கிடந்த துண்டுகளை வாரித் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“அதான் முடிஞ்சுதே, இன்னும் என்ன?” என்றார் பொறியாளர்.

அவள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாலரைகூட ஆகவில்லை.

“இன்னும் ரெண்டு இருக்கே சார்” என்றாள். வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.